ஒரு பந்துக்கு ஒருத்தன்

நாடகத்துக்கு ஆள் தேவை என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். மறுநாள் இரண்டு பேர். மூன்றாம் நாள் ஒரே ஒருவன் வந்தான். “வேற யாருமே வரலையா சார்?” என்று கேட்டான். நான் சங்கடப்படக் கூடாதே என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து படிக்கிற பையன்கள் அந்த பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர ஒன்பது மணியாகும். எனக்குத்தான் அது புரியவில்லை. அப்போது இருபத்து நான்கு வயது. வெளியூரில் இரண்டு வருஷம் நாடகம் படித்துவிட்டு, தற்காலிக ஆசிரியராக ஆங்கிலம் நடத்த வந்திருந்தேன். பை நிறைய நோட்டுகள் வைத்திருந்தேன். பத்துப் பேர் ஒன்றாக மூச்சு விடுவது எப்படி, ஒருவன் பேசுவதை மற்றவர்கள் உடம்பால் கேட்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கங்களில் பஸ் நேரம் எதுவும் இல்லை.

நான் போட நினைத்தது ஒரு பழைய கிரேக்க நாடகம். ஒரு அரசன், அவனைச் சுற்றி எப்போதும் ஓர் ஊர்க்கூட்டம். அரசன் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கூட்டம் அசைய வேண்டும், பயப்பட வேண்டும், முணுமுணுக்க வேண்டும். கதாநாயகன் அரசன் அல்ல, கூட்டம்தான் என்பது என் கட்சி. ஆனால் என்னிடம் கூட்டம் இல்லை.

கூட்டத்தைக் கொடுத்தவர் பி.டி. சார். விளையாட்டு ஆசிரியர். கல்லூரியின் ஹாக்கி அணியை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஐப்பசி மழை பிடித்திருந்தது. கரிசல் மண் ஈரமானால் மைதானத்தில் கால் வைக்க முடியாது. ஒரு எட்டு வைத்தால் செருப்போடு அரைக் கிலோ மண் சேர்ந்து வரும். ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக அந்த மைதானத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“ஒங்களுக்கு எத்தன பேரு வேணும்?”

“பத்து, பதினொண்ணு சார்.”

“எங்கிட்ட பதினொண்ணு இருக்கு. எல்லாம் ஹாஸ்டல் பயலுவ, பஸ் பிரச்சினை கிடையாது. கிரவுண்டு காயுத வரைக்கும் சும்மா சினிமா தியேட்டரச் சுத்திக்கிட்டுக் கெடப்பானுவ. கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. காஞ்சதும் திருப்பித் தந்துரணும்.”

குடையை இரவல் கொடுப்பது போலத்தான் சொன்னார்.

முதல் நாள் பதினொரு பேரும் ஹாக்கி ஸ்டிக்கோடு வந்து நின்றார்கள். எதற்கு என்று கேட்டேன்.

“ராசா கதைன்னு சொன்னாவ சார். சண்டை இருக்கும்லா?” என்றான் கீப்பர். ஆறடி உயரம், அதற்கேற்ற எடை. கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்திப் பழகிய தொண்டை. அவன் வாயைத் திறந்ததுமே அரசன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“சண்டை கிடையாதுப்பா.”

“அப்ப டூயட்டு?”

“அதுவும் கிடையாது. ராஜா பேசுவார். நீங்க கேப்பீங்க.”

“ஏலே, இதுக்கு கிளாஸ்லயே இருந்திருக்கலாம்லே” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெம்பு இருந்த காலம் அது.

முதல் பயிற்சியில் எனக்கு வாய் பிளந்துவிட்டது. கல்லூரிக் கூடம் முழுக்க நடக்க வேண்டும், எங்கேயும் வெற்றிடம் விழக் கூடாது, யாரும் யாரையும் இடிக்கக் கூடாது. படித்த இடத்தில் எங்களுக்கு இது வர ஒரு மாதம் ஆனது. இவர்கள் ஐந்தே நிமிடத்தில் செய்தார்கள். ஒருவன் இடப்பக்கம் நகர்ந்தால் இன்னொருவன் சொல்லாமலே அவன் விட்ட இடத்தை நிரப்பினான். அன்று அறைக்குப் போய் என் பழைய ஆசிரியருக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன்.

இரண்டாவது வாரத்தில் அந்தக் கடிதத்தை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அவர்களுக்குக் கூட்டமாக நிற்கவே வரவில்லை. நெருங்கி நில்லுங்கள் என்றால் நின்றார்கள். நான் கண்ணை எடுத்ததும் தண்ணீரில் எண்ணெய் விட்டது போல விலகிப் பரவினார்கள். அரசன் அலறினால் கூட்டம் முழுக்கத் திரும்ப வேண்டும். இவர்களில் பக்கத்தில் நிற்பவன் மட்டும் திரும்பினான். மற்றவர்கள் அவரவர் இடத்தைக் காத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

“ஏன்டா ஒருத்தன் மட்டும் போறான்? ராஜா உங்க எல்லாருக்கும்தானே ராஜா?”

பதில் சொன்னவன் அணியின் பேக். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். நாகலாபுரத்துப் பக்கம், ஆடு மேய்க்கிற குடும்பம். கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. அதிகம் பேச மாட்டான்.

“ஒரு பந்துக்கு ஒருத்தன் சார். ரெண்டு பேரு போனா பி.டி. சார் வெளிய உக்கார வச்சுருவாவ.”

அதுதான் அவர்கள் படித்த வேதம். பந்து யாருக்குப் பக்கத்தில் வருகிறதோ அவன் போக வேண்டும். மற்றவன் எல்லாம் தன் இடத்தை விடக் கூடாது. ஆறு வருஷம், ஏழு வருஷம் காலையும் மாலையும் உடம்புக்குள் ஏற்றி வைத்ததை நான் மூன்று வாரத்தில் இறக்கப் பார்த்தேன். தினமும் மாலை நாலரை முதல் ஆறரை வரை. ஆறரைக்குக் கூடத்தைப் பூட்ட உதவியாளர் சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். “எல்லாரும்... எல்லாரும் சேர்ந்து...” என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. பையன்களும் களைத்திருந்தார்கள். காலையில் ஓட்டம், பகலில் வகுப்பு, மாலையில் நான். பாதிப் பேர் சுவரில் சாய்ந்தபடியே வசனம் சொன்னார்கள். சுவரில் சாயாதே என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, நானே சாய்ந்துகொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் எண்ணிக்கை ஒன்று கண்டுபிடித்தேன். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்வேன். மூன்றில் எல்லோரும் நகர வேண்டும். அது வேலை செய்தது. எண்ணினால் கூட்டம், எண்ணாவிட்டால் ஹாக்கி.

நாகலாபுரத்துக்காரனை நான் கூட்டத்தின் தலைவனாக்கியிருந்தேன். குரல் பெரிதில்லை, ஆனால் அவன் மூச்சு இழுத்தால் மற்றவர்கள் இழுத்தார்கள். மைதானத்திலும் அப்படித்தானாம், அவன் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தங்கள் இடத்தைத் தெரிந்துகொள்வார்களாம்.

மார்கழியில் மண் காய்ந்தது. அதே வாரம் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. அரசுத் துறை அணி ஒன்றுக்கு மதுரையில் ஆள் தேர்வு. தேர்வானால் வேலை. அந்த ஊரில் ஹாக்கி ஆடுகிற பையனுக்கு இது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. முன்பு கல்லூரி அணியில் ஆடிய இரண்டு பேர் இப்படித்தான் போனார்கள். லீவில் வரும்போது புது பைக்கை மைதானத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். பையன்கள் ஆட்டத்துக்கு நடுவிலும் அந்த பைக்கை ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள்.

“வீட்டுல சொன்னியா?” என்று கேட்டேன்.

“சொன்னேன் சார். அய்யா நம்பல. குச்சிய வச்சு அடிக்கதுக்கு கவர்மெண்டுல ஆள் எடுக்குதாவளான்னு கேக்காவ.”

பி.டி. சார் என்னைத் தேடி வந்தார். “கிரவுண்டு காஞ்சுட்டு சார்.”

“திருநெல்வேலி நாடகப் போட்டிக்கு இன்னும் மூணு வாரந்தான் சார் இருக்கு. சாயங்காலம் மட்டும் விடுங்க.”

“மத்தவனுவள வச்சுக்கிடுங்க. அவன மட்டும் விட்டுருங்க. இந்தத் தடவ பேக்குக்குத்தான் ஆள் தேடுதாவ. உள்ள போயிருவான்.”

நியாயமான பேச்சு. நான் அத்தோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் இல்லாவிட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் எப்போது மூச்சு இழுப்பது என்றே தெரியாது. மூன்று வாரம் கத்தியது வீணாகிவிடும். அன்று மாலை எல்லோருக்கும் நடுவில் நிறுத்தி அவனிடமே கேட்டேன். “பி.டி. சார் உன்ன விடச் சொல்லுறார். நீ என்ன சொல்லுற?”

எல்லோர் முன்னாலும் கேட்டால் அவன் மாட்டேன் என்று சொல்ல மாட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டேன்.

“வாரேன் சார்” என்றான்.

நாடகத்தின் கடைசியில் அரசன் எல்லாவற்றையும் இழந்துவிடுகிறான். மூலத்தில் அவன் நடந்துதான் வெளியேறுகிறான். உயரத்திலிருந்து அவனைப் பின்பக்கமாக விழ வைத்தது என் யோசனை. தன்னை உயர்த்திய ஊரின் கைகளிலேயே வந்து விழ வேண்டும், ஊர் மொத்தமும் ஓடிவந்து தாங்க வேண்டும். நோட்டில் எழுதியபோது எனக்கே புல்லரித்தது. அதுவரை கீப்பரை பெஞ்சு மேல் நிறுத்திப் பழகியிருந்தோம். நான் எண்ணுவேன், மூன்றில் விழுவான், பத்துப் பேரும் தாங்குவார்கள். ஒரு தடவை கூடத் தவறவில்லை.

மதுரைத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். மேடையில் அந்த உயரம்தான் இருக்கப் போகிறது, இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றேன். அதோடு நின்றிருக்கலாம்.

“இன்னைக்கு நான் எண்ண மாட்டேன். அவன் எப்ப விழுவான்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க அவனப் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“சார், நான் தொண்ணூறு கிலோ” என்றான் கீப்பர் மேசை மேலிருந்து.

“ஏலே, கம்முன்னு விழுலே. பத்துப் பேரு இருக்கோம்” என்றான் ஒருவன்.

அந்த வாரம் முழுக்கக் காலையில் பி.டி. சார் அவர்களைப் பிழிந்தெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பந்துக்கு ஒருத்தன், இடத்தை விடாதே, இடத்தை விடாதே. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்திருப்பேனா, சந்தேகம்தான்.

கீப்பர் கண்ணை மூடினான். கடைசி வசனத்தைச் சொன்னான். விழுந்தான்.

ஒருவன் போனான். பக்கத்தில் நின்றவன். நாகலாபுரத்துக்காரன்.

மற்ற ஒன்பது பேரும் அவரவர் இடத்தில் முழங்காலை லேசாக மடக்கி, தயாராக, சரியான இடைவெளியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு கணம்தான். அதற்குள் இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். கீப்பருக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்லை. நாகலாபுரத்துக்காரன் எழுந்து உட்கார்ந்து, இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு பி.டி. சார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் வரிசையாக நின்ற பையன்களைப் பார்த்தார்.

“நீங்கல்லாம் எங்கலே நின்னிய?”

வரிசைக் கடைசியில் நின்றவன், “எங்க எடத்துலதான் சார்” என்றான்.

பி.டி. சார் பெஞ்சில் போய் உட்கார்ந்து வெகுநேரம் சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது கை என்பது ஸ்டிக்கை மேல்நுனியில் பிடித்துத் திருப்புகிற கை என்று மட்டும் சொன்னார். ஆறு வாரம் மாவுக்கட்டு.

மதுரைக்கு நானும் அவனோடு போனேன். நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அடுத்த தடவை கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் வெயிலில் படியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தோம். பேக் இடத்துக்கு வந்த பையன்களை அவன் உற்றுப் பார்த்தான். ஒருவனைக் காட்டி, “இவன எடுத்துருவாவ” என்றான். எடுத்தார்கள். தேர்வாளர் ஒருவர் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, “கைய சரி பண்ணிட்டு வா தம்பி, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு அடுத்துப் பார்க்க இருபது பேர் நின்றார்கள்.

திரும்பும் பஸ் சாத்தூரைத் தாண்டியது. வெளியே பருத்திக் காடுகள். அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

“இன்னும் ரெண்டு பேரு வந்திருந்தா போதும்லா சார்?”

“போதும்.”

“நான் கூப்பிடல சார். கூப்பிட்டிருந்தா வந்திருப்பானுவ. ஆட்டத்துல கூப்பிடுவோம்லா. இது நாடகம்தானன்னு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

தப்பு என்னுடையது என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் ‘பரவால்ல சார்’ என்பான். அதைக் கேட்க எனக்கு முகமில்லை. அதனால் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல வந்தேன்.

நாடகத்தை விட்டுவிடலாம் என்று மறுநாள் பையன்களிடம் சொன்னேன். விடக் கூடாது என்று முதலில் சொன்னவன் கீப்பர். “நான் சரியா விழணும் சார்” என்றான். மாவுக்கட்டோடு தலைவன் வந்து நின்றான். எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டோம். யார் முதலில் நகர்கிறானோ அவன் குரல் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். மைதானத்தில் கூப்பிடுகிற அதே “வா!”. ஒருவன் கூப்பிட்டால் இடத்தைக் காப்பது என்ற பேச்சே கிடையாது, அவர்கள் கால் தானாகவே ஓடியது. மூன்று வாரம் நான் கத்தியது எனக்கே கேட்டது, வேண்டாத சத்தமாக.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரி அரங்கத்தில், மதியச் சாப்பாடு முடிந்து பார்வையாளர்கள் கொட்டாவி விடுகிற நேரத்தில் எங்கள் நாடகம். மாவுக்கட்டின் மேல் சாக்குத் துணி சுற்றியிருந்தோம். அரசன் மேசை மேல் நின்றான், கண்ணை மூடினான். “வா!” என்று தலைவன் கூப்பிட்டான். ஒன்பது பேரும் பாய்ந்தார்கள். அரசன் அவர்கள் கைகளில் மெத்தையில் விழுவது போல விழுந்தான். தலைவன் ஒற்றை வலது கையை அவன் தலைக்குக் கீழே கொடுத்திருந்தான்.

இரண்டாம் பரிசு. நடுவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்த ஒரே குரலுக்கு எல்லோரும் பாய்வதை எங்கே பிடித்தீர்கள், பிரமாதம் என்றார். நன்றி என்றேன். பல நாள் காத்திருந்த பாராட்டு. பசி அடங்கிய பிறகு இலையில் விழுந்த சோறு போல இருந்தது.

கட்டுப் பிரித்ததும் பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். “அவனுக்குப் பந்து தள்ளிவிட ஆள் வேணும். காலைல ஆறு மணி. நீங்க வாங்க.” கேட்டது போல இல்லை. போனேன். படிப்பு முடிந்ததும் அவனை ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிட்டு, கிளப் அணியில் ஆட வைத்தார். பத்து மாதம், மழைநாள் நீங்கலாக, ஒவ்வொரு காலையும் ஒரு கூடைப் பந்துகளை ஒவ்வொன்றாக அவன் பக்கம் தள்ளினேன். முதலில் நேராகவே போகவில்லை. “சார், எனக்கு சார், கோலுக்கு இல்ல” என்பான். பிறகு ஓரளவு வந்தது. அதற்குப் பிறகு வகுப்பு, வகுப்புக்குப் பிறகு ஒத்திகை. அந்த வருஷம் நான் எப்போது உட்கார்ந்தாலும் தூங்கினேன்.

அடுத்த தேர்வுக்கு அவன் தனியாகப் போனான். நான் புதுப் பையன்களோடு கூடத்தில் இருந்தேன், பெஞ்சிலிருந்து விழும் பயிற்சி. ஐந்தரை மணி இருக்கும், மதுரையிலிருந்து நேராக வந்து, பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றான். நான் போனேன்.

“ஆறு பேர எடுத்தாவ சார்” என்றான். “நான் ஏழாவது.”

மணிக்கட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவன் அதைப் பின்னால் மறைக்கவில்லை. முன்னால் கொண்டுவந்து காட்டவும் இல்லை.

“அடிச்சுத் தூக்குத பந்துக்குத்தான் சார் வலிக்கு. மத்ததுக்கு ஒண்ணுமில்ல.”

“சாப்பிட்டியா?”

“பஸ்ல கடலமுட்டாய் தின்னேன்.”

உள்ளே பெஞ்சு மேல் ஒருவன் கையை மார்பில் கட்டிக்கொண்டு காத்திருந்தான். சுற்றிப் பத்துப் பேர், நல்ல பிள்ளைகள் போல அவரவர் இடத்தில் நின்றார்கள். வாசலில் நின்றவன் அதைப் பார்த்தான். பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான்.

“ஏலே, பக்கத்துல நிக்கவன் பாத்துக்கிடுவான்னு இருக்காதீய. மொத்தப் பேரும் போணும். கூப்பிடணும்” என்றபடி வரிசைக்குள் போய் நின்றான். வலது கையை முன்னால் நீட்டினான். பிறகு கொஞ்சம் யோசித்து இடது கையையும்.

பெஞ்சில் நின்றவன் என்னைப் பார்த்தான். விழலாம் என்று தலையசைத்தேன். விழுந்தான், தாங்கினார்கள். இன்னொரு தடவை போகலாமா என்று ஒருவன் கேட்டான்.

போதும் என்று சொல்லிவிட்டேன். சாவிக் கொத்தோடு உதவியாளர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குச் சாப்பிடப் போனேன்.